எட்டயபுரத்துத் தீபாவளி

“அண்ணாச்சி, ஜெர்மனியில பாக் பேருக்கு வருஷா வருஷம் விழா எடுக்காங்க. முந்நூறு வருஷத்துப் பாட்டு. அந்தக் காலத்து வயலின் மாதிரியே செஞ்சு வச்சு வாசிக்காங்க. நம்ம பக்கம் அப்பிடி ஏதும் உண்டுமா?”

கேட்ட தம்பி பாளையங்கோட்டையில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் வயலின் வாசிக்கிறவர். கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஹாண்டலின் அல்லேலூயா கோரஸ் அவர் கையில் தானாக ஓடும். நெல்லையப்பர் கோவில் தேரடிப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. உண்டு என்றேன். இங்கிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். கோவில்பட்டி போய் அங்கிருந்து கிழக்கே திரும்ப வேண்டும். எட்டயபுரம். ஒவ்வொரு தீபாவளி அன்றும் முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியில் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் கூடி அவருடைய கிருதிகளைப் பாடுகிறார்கள். அவர் மறைந்த திதி நரக சதுர்த்தசி. அதனால் ஊரே எண்ணெய் தேய்த்துக் குளித்து வெடி போடுகிற நாளில்தான் அவருடைய ஆராதனை.

தம்பிக்கு ஒரு சந்தேகம். தீட்சிதர் பிறந்தது 1775. பரோக் என்பது 1600-லிருந்து 1750 வரை என்றல்லவா படித்திருக்கிறோம்; பாக் செத்த வருஷத்தோடு அது முடிந்துவிட்டதே, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

முதலில் பரோக். ஹாண்டல், பாக், விவால்டி, கொரெல்லி ஆகியோரின் காலத்துச் சங்கீதத்தில் ஒரு முக்கியமான பழக்கம் உண்டு. இசையமைத்தவர் எல்லாவற்றையும் எழுதிவைக்க மாட்டார். அடியில் போகும் பேஸ் வரியை எழுதி, அதன் பக்கத்தில் 6, 7 என்று சில எண்களைப் போட்டுவிடுவார். அந்த எண்ணைப் பார்த்து ஹார்ப்சிகார்டில் உட்கார்ந்திருப்பவர் மேலே என்னென்ன ஸ்வரம் சேர வேண்டும் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்து வாசிப்பார். மெட்டிலும் அப்படித்தான். ஒரு நெடிய ஸ்வரத்தை எழுதியிருந்தால் அதை நெடிதாகவே விட்டுவிடக் கூடாது. எங்கே அதிர வேண்டும், எங்கே மேலிருந்து சாய்ந்து வர வேண்டும் என்பது பாடுகிறவருக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான் எழுதினார்கள். பாக் தன் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, 1720-ல், ஒரு பயிற்சிப் புத்தகம் போட்டுக் கொடுத்தார். அதன் தொடக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை. மேல் வரியில் நெளிகோடு, கொக்கி போன்ற குறிகள். கீழ் வரியில் அந்தக் குறி வந்தால் எப்படி வாசிக்க வேண்டும் என்ற விளக்கம். அப்பா பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த அந்தப் பக்கம் இன்றைக்கும் இருக்கிறது. பரோக் வாசிக்கிறவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் அதைப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது.

ஏன் என்றால், நடுவில் அறுந்துபோனது. 1750-க்குப் பிறகு ரசனை மாறியது. எண்ணைப் பார்த்து வாசிக்கும் பழக்கம் போனது, ஹார்ப்சிகார்ட் போய்ப் பியானோ வந்தது, குடல் நரம்பு போய் உலோகக் கம்பி வந்தது. பாக் எழுதியதை அவருடைய மாணவர் பரம்பரையும் சில ஆர்வலர்களும் வைத்திருந்தார்கள்; ஊருக்குத் தெரியாது. 1829-ல் இருபது வயது மெண்டல்சன் பெர்லினில் ‘மத்தேயு பாடுகள்’ இசையை மீண்டும் அரங்கேற்றினார். 1850-ல் பாக் சங்கம் அமைந்து, அவர் எழுதியது முழுவதையும் அச்சிடும் வேலையில் இறங்கியது. அது முடிய அரை நூற்றாண்டு ஆனது. முடிந்ததும் 1900-ல் புதிய பாக் சங்கம் உருவானது. அச்சில் வந்ததைப் பாடிக் காட்ட வேண்டும் என்பதற்காக அது விழாக்கள் தொடங்கியது: 1901-ல் பெர்லினில், 1904-ல் லைப்சிகில்.

இந்த 1904 என்ற ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் தம்பியிடம். பின்னால் வரும்.

ஹாண்டல் கதை இன்னும் சுவையானது. அல்லேலூயா கோரஸ் வருகிற ‘மெசாயா’ பாடுவது நிற்கவே இல்லை. 1750-லிருந்து லண்டன் அநாதைக் குழந்தைகள் இல்லத்துக்காக ஹாண்டலே அதை ஆண்டுதோறும் நடத்தினார். அங்கிருந்து அது பாளையங்கோட்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவர் எழுதிய ஓபராக்கள்? ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அவை மேடையில் அநேகமாக மறக்கப்பட்டே கிடந்தன. 1920-ல் ஜெர்மனியில் கோட்டிங்கன் என்ற பல்கலைக்கழக ஊரில் ஓஸ்கார் ஹாகன் என்பவர், தொழிலால் ஓவிய வரலாற்றுப் பேராசிரியர், ‘ரொடெலிண்டா’வை மேடையேற்றினார். நிறைய வெட்டினார். ஹாண்டல் உச்சக் குரலுக்கு எழுதிய கதாநாயகன் பாட்டை ஆண்களின் கனத்த குரலுக்கு இறக்கினார். இன்றைக்கு அப்படிப் பாடினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அந்த விழா நின்றுவிடவில்லை; நூறு ஆண்டு தாண்டியும் நடக்கிறது. அடுத்தடுத்து வந்தவர்கள் வெட்டியதைச் சேர்த்தார்கள், குரலை உரிய இடத்துக்கு உயர்த்தினார்கள், பழைய வில்லைப் பிடிக்கக் கற்றார்கள். ஆண்டுதோறும் நடக்கிற விழாவின் பயன் இதுதான் என்று நான் நினைக்கிறேன். மாலை போடுவது இரண்டாம் பட்சம். போன வருஷம் பாடியதை இந்த வருஷம் ஏட்டோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள ஒரு தேதி கிடைக்கிறதே, அதுதான் பெரிது.

“நம்ம பாட்டுதான் குருகிட்ட இருந்து நேரா வந்துட்டே இருக்குதே, நமக்கு எதுக்கு அண்ணாச்சி இதெல்லாம்?”

நமக்கும் அறுந்திருக்கிறது. எதிரே நிற்கிற கோவிலையே எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலிக்குச் சம்பந்தர் பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. பண் சாதாரி என்று ஏட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறது. சொல் ஒன்றுகூடச் சிதையவில்லை. ஓதுவார்கள் இன்றைக்கு அதைப் பந்துவராளியில் பாடுகிறார்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முன்னால் சாதாரி என்றால் எப்படிப் பிடித்தார்கள், எந்த ஸ்வரத்தில் நின்றார்கள் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. பண்ணின் பெயர் இருந்தும் பண் கைக்கு எட்டவில்லை. ஓதுவார்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிக் கொடுத்ததே நமக்குக் கிடைத்த பாக்கியம். அதற்கு மேல் கேட்க நமக்கு ஏடு இல்லை.

இப்போது தீட்சிதருக்கு வருவோம். அவர் பரோக் காலத்துக்குப் பிந்தியவர், உண்மை. ஆனால் அவர் கையில் இருந்த இலக்கணம் பரோக் காலத்தது. தஞ்சாவூரில் விஜயராகவ நாயக்கர் ஆண்ட 17-ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி ‘சதுர்தண்டி பிரகாசிகை’ எழுதி 72 மேளங்களுக்கு, அதாவது தாய் ராகங்களுக்கு, வழி காட்டினார். பாக் பிறந்தது 1685-ல். வேங்கடமகி அவருக்கு முந்தின தலைமுறை. அந்தக் குரு பரம்பரையில் பாடம் கேட்டவர் முத்துசுவாமியின் தந்தை ராமசுவாமி தீட்சிதர். மற்ற பாடகர்கள் அந்த 72-க்கு வேறு பெயர், வேறு அமைப்பு என்று போய்விட்டபோதும் தீட்சிதர் குடும்பம் பழைய வழியைக் கைவிடவில்லை. வேங்கடமகி வழியில் ராகங்கள் எப்படி ஒலித்தன என்று கேட்க விரும்பினால் அதற்கு இருக்கிற நேரான வாசல் தீட்சிதர் கிருதிகள்தான்.

நேரடியான பரோக் உறவும் ஒன்று உண்டு. அந்தக் குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் முதலியார் ஆதரவில் கொஞ்ச காலம் இருந்தது. கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாசிப்பதைக் கேட்டுத் தீட்சிதர் அந்த மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரம் என்போமே, அதுதான். ஏறத்தாழ நாற்பது கிடைத்திருக்கின்றன. அதில் ‘சந்ததம் பாஹிமாம்’ என்பது இங்கிலாந்து ராஜ கீதத்தின் மெட்டு. அந்த மெட்டு லண்டனில் அச்சேறியது 1744-ல், மறு வருஷம் நாடக மேடையில் பாடினார்கள். ஹாண்டல் அப்போது அதே ஊரில் உயிரோடு இருந்தார். லண்டனில் ராஜாவை வாழ்த்திய மெட்டு இங்கே அம்பாளை வாழ்த்தியது.

அதே சமயத்தில் முத்துசுவாமியின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஒரு ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் வயலின் கற்றார். பிறகு அதில் நம்முடைய பாட்டை வாசித்துப் பார்த்தார். தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலைப்பகுதியைக் கால் மேல் சாய்த்து, கம்பிகளை ச-ப-ச-ப என்று கூட்டி வாசிக்கும் இன்றைய கர்நாடக வயலினுக்கு அவர்தான் முன்னோடிகளில் முதல்வர். வயலின் பரோக் காலத்தின் ராஜ வாத்தியம். கொரெல்லியும் விவால்டியும் தங்கள் பாட்டை அதில்தான் சொன்னார்கள். “நீங்க தேவாலயத்துல பிடிக்கிற வயலினும் அவர் மடியில வச்சதும் ஒண்ணுதான் தம்பி” என்றதும் அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

அந்தப் பாலுசுவாமியை எட்டயபுரம் ஜமீன் ஆஸ்தான வித்துவானாக அழைத்துக்கொண்டது. அண்ணனும் கடைசிக் காலத்தில் அங்கே வந்து சேர்ந்தார். வழியில் காய்ந்து கிடந்த கரிசல் பூமியைப் பார்த்து அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாடினார், மழை கொட்டியது என்பார்கள். அந்தப் பக்கத்துக்காரர்கள் இதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும். வானம் பார்த்த பூமிக்காரர்களுக்கு அந்தப் பெருமை இருப்பது நியாயம்தான்.

நம் பக்கத்துக்கும் அவர் பாடியிருக்கிறார். நெல்லையப்பரைத் தேவகாந்தாரியில் ‘சாலிவாடீஸ்வரம்’, காந்திமதியம்மையை ஹேமவதியில் ‘ஸ்ரீ காந்திமதீம்’, கழுகுமலை முருகனைச் சுத்த தன்யாசியில் ‘சுப்ரமண்யேன’. இதில் ஹேமவதியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 58-ஆவது மேளம். தீட்சிதர் வழியில் அதற்குத் தேசிசிம்மாரவம் என்று பெயர். கரகரப்பிரியாவில் மத்திமத்தை மட்டும் மேலே தூக்கினால் ஹேமவதி. தம்பியின் பாஷையில் சொன்னால் சி, டி, ஈ ஃபிளாட், எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி ஃபிளாட். இந்த ஏழையும் கீபோர்டில் அழுத்தினால் ஹேமவதி வருமா? வராது. காந்தாரத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்பதில்தான் ராகத்தின் முகம் தெரியும். தீட்சிதர் வீணைக்காரர். வீணையின் ஒரே மெட்டில் (ஃப்ரெட்டில்) விரலை வைத்துக் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து அடுத்த ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு மீள்கிற வேலை அவர் பாட்டு முழுக்க இருக்கிறது. அவசரப்படாமல், ஆனை நடப்பது போன்ற காலப்பிரமாணத்தில் பாடினால்தான் அந்த இழைப்புக்கு இடம் கிடைக்கும்.

இந்த இழைப்பை எப்படிக் காகிதத்தில் எழுதுவது?

தீட்சிதர் 1835 தீபாவளி அன்று மறைந்தார். பூஜை முடித்து, சீடர்களைப் பூர்விகல்யாணியில் ‘மீனாக்ஷி மே முதம்’ பாடச் சொன்னார் என்றும், பற்றை அறுக்கச் சொல்லி அம்மனைக் கூப்பிடும் இடம் வந்தபோது உயிர் பிரிந்தது என்றும் பரம்பரையில் சொல்கிறார்கள். பாலுசுவாமி 1859 வரை எட்டயபுரத்தில் இருந்தார். அவருக்கு ஆண் வாரிசு இல்லாததால் மகள் வயிற்றுப் பேரன் சுப்பராமனையே சுவீகாரம் எடுத்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். அந்தச் சுப்பராம தீட்சிதர்தான் இந்தக் கதையின் நாயகர் என்பேன்.

அவரை எழுத வைத்தவர் சின்னசாமி முதலியார். சென்னையில் அரசு உத்தியோகத்தில் இருந்த தமிழ்க் கிறிஸ்தவர். மேல்நாட்டு ஐந்து கோட்டு நொட்டேஷன் நன்றாகத் தெரிந்தவர். நம் பாட்டுகளை அந்த முறையில் அச்சிட 1890-களில் பெரும் பிரயத்தனம் செய்தவர். குடும்பத்துக்குள்ளேயே காத்து வந்த செல்வத்தை வெளியே கொடுக்க எந்த வித்துவானுக்கும் மனம் சட்டென்று வராது. முதலியார் விடவில்லை. எட்டயபுரம் ராஜாவும் செலவை ஏற்றுக்கொண்டார். எட்டயபுரத்து வித்யா விலாசினி அச்சுக்கூடத்திலேயே தெலுங்கு எழுத்தில் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அச்சாகி வெளிவந்தது. ஏறத்தாழ 1,700 பக்கம். தீட்சிதர் கிருதிகள் மட்டும் 229. ஆண்டு 1904. லைப்சிகில் பாக் விழா நடந்த அதே ஆண்டு.

அதில் சுப்பராம தீட்சிதர் செய்திருக்கும் வேலையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்வர எழுத்துக்கு மேலே சிறு சிறு குறிகள். நெளிகோடு இருந்தால் கம்பிதம், அந்த ஸ்வரத்தை அசைக்க வேண்டும். மேல் நோக்கிச் சாய்ந்த கோடு ஏற்ற ஜாரு, கீழ் நோக்கியது இறக்க ஜாரு. வழுக்கிக்கொண்டு போக வேண்டும். மூன்று புள்ளிக்கு ஸ்புரிதம். நொக்கு, ரவை, கண்டிப்பு, ஒதுக்கல் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி. வீணையில் எந்த விரலால் எப்படி வரும் என்று முன்பகுதியில் விளக்கமும் கொடுத்திருக்கிறார். பாக் தன் பிள்ளைக்கு 1720-ல் ஒரு பக்கத்தில் செய்ததை, சுப்பராம தீட்சிதர் எதிரே உட்காராத பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் முழுக்கச் செய்திருக்கிறார். அவர் 1906-ல் காலமானபோது அந்த ஊர்ப் பிள்ளையான பாரதி இரங்கற்பா எழுதினார்.

ஆனால் தெலுங்கு எழுத்தில் இருந்த நூலை இந்தப் பக்கத்தில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? சென்னை மியூசிக் அகாடமி தமிழில் முதல் பாகம் கொண்டுவந்தது 1961-ல். ஐந்து பாகமும் முடிய 1983 ஆகிவிட்டது. அதுவரை பாட்டைத் தாங்கியது தொண்டைதான். சுப்பராம தீட்சிதரின் மகன் அம்பி தீட்சிதர் சென்னைக்குப் போய்ப் பாடம் சொன்னார். நீதிபதி டி.எல். வெங்கடராம அய்யர் அவரிடம் கற்றார், டி.கே. பட்டம்மாள் சின்ன வயதில் கற்றார். நம் தாமிரபரணிக் கரைக் கல்லிடைக்குறிச்சிக்கும் இதில் பங்குண்டு. அந்த ஊர் வேதாந்த பாகவதர் தீட்சிதர் பாடாந்தரத்தில் தேர்ந்தவர். அதே ஊர் சுந்தரம் அய்யர் ‘தீட்சிதர் கீர்த்தனமாலை’யைப் பாகம் பாகமாகத் தமிழில் ஸ்வரத்தோடு வெளியிட்டார். 1904 நூலில் இல்லாத எத்தனையோ கிருதிகள் அந்த வழியாகத்தான் வெளிச்சத்துக்கு வந்தன.

“அப்போ புஸ்தகமும் இருக்கு, பாடுதவங்களும் இருக்காங்க. விழாவுக்கு என்ன வேலை?”

இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை, அதனால்தான் வேலை. ஒரே கிருதியைப் புத்தகத்தில் பார்த்தால் ஒரு மாதிரி, மேடையில் கேட்டால் வேறு மாதிரி இருக்கும். சில இடத்தில் பாடகர்களிடம் உள்ளது அழகாகவே வளர்ந்திருக்கும். சில இடத்தில் ராகமே வேறாகப் போயிருக்கும். இதைத் தனியாக உட்கார்ந்து தீர்க்க முடியாது. பாடிக் காட்டி, கேட்டு, வாதாடி, மறுபடி பாடிப் பார்க்க வேண்டும். திருவையாற்றில் தியாகராஜருக்குப் பஞ்சரத்னத்தை எல்லாரும் சேர்ந்து பாடும் ஆராதனை பிரம்மாண்டமாக நிலைத்துவிட்டது. எட்டயபுரத்துக்கு அந்தக் கூட்டம் வரவில்லை. தீபாவளி அன்று வீட்டை விட்டு வெளியே வருவது பாடகருக்கும் கஷ்டம், ரசிகருக்கும் கஷ்டம். இருந்தும் வருகிறவர்கள் வருகிறார்கள். அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கூட்டம் சிறியதாக இருப்பதை ஒரு வசதியாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் ஆசை. கோட்டிங்கனும் பெரிய ஊர் இல்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் சுப்பராம தீட்சிதரின் நூலிலிருந்து மேடையில் அதிகம் கேட்காத இரண்டோ மூன்றோ ராகங்களை எடுத்து, அந்தக் குறிகளில் உள்ளபடியே பயின்று வந்து, அச்சான ஊரிலேயே பாடிக் காட்டினால் எப்படி இருக்கும்! மறு வருஷம் வேறொருவர் அதையே பாடி, இவர் விட்ட இடத்தைப் பிடிக்கட்டும். வீணைக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும், பாதிச் சந்தேகம் தீரும். திருநெல்வேலியிலிருந்து போகிறவர்கள் அந்த மூன்று கிருதிகளையாவது, காந்திமதி, சாலிவாடீஸ்வரர், கழுகுமலை, நம் பங்காக எடுத்துக்கொள்ளலாம்.

தம்பி தானும் வரலாமா என்று கேட்டார். தாராளமாக வரலாம் என்றேன். சின்னசாமி முதலியார் கிறிஸ்தவர்தான்; இதே மண்ணில், தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்து ‘கருணாமிர்த சாகரம்’ என்ற இசை நூலை எழுதிய ஆபிரகாம் பண்டிதரும் கிறிஸ்தவர்தான். வயலினை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். இப்போதைக்கு ‘சந்ததம் பாஹிமாம்’ போதும், மெட்டு அவர் விரலுக்குத் தெரியும். அடுத்த தீபாவளிக்குள் ஒரு வாத்தியாரிடம் உட்கார்ந்து, கம்பியைச் ச-ப-ச-பவுக்கு இறக்கி, ‘ஸ்ரீ காந்திமதீம்’ பல்லவியை மட்டும் பாடம் பண்ண வேண்டும். காந்தாரத்திலேயே ஒரு மாதம் போகும் என்றும் சொல்லிவைத்தேன்.